மஞ்சள் கவுனில் ஓர் ஏழைச் சிறுமி

பதுளையில் நான் தரம் ஒன்பதில் படித்த வருடம், மூன்றாம் தவணையின் முதல் வாரத்தில், நாடகப் போட்டிக்கு ஒரு பழைய சரித்திர நாவலைத் தேர்ந்தெடுத்தார்கள். பண்ணையார் வீட்டுப் பின்வாசலில் சோறு கேட்கும் சிறுமி மழையில் செத்துப்போவாள். அதைக் கண்டு பண்ணையார் திருந்துவார். தேயிலைத் தோட்டத்து லயம் எனும் வரிசை வீட்டிலிருந்து படிக்க வந்த நான்தான் அந்தச் சிறுமி என்றார் டீச்சர்.

"லயத்துப் பிள்ளைதானே, உனக்கு வேஷமே தேவையில்ல. வீட்டுல உடுத்துறதையே உடுத்திட்டு வா."

வகுப்பு சிரித்தது.

அன்றே நூலகத்தில் நாவலை எடுத்து வாசித்தேன். பண்ணையாரின் குதிரை எந்த ஆண்டு பிறந்தது என்பதுகூட அதில் இருந்தது. சிறுமிக்கோ தை அறுவடையில் எட்டு வயது, இரண்டு தீபாவளி கழித்து ஏழு. அவள் வயதைச் சரிபார்க்க எழுதியவருக்குத் தோன்றவில்லை.

போட்டி ஒரு சனிக்கிழமை. அம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் என்னோடு வந்தார். தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் கவுன், வெள்ளைச் சப்பாத்து, முகம் நிறையப் பவுடர் என்று என்னைத் தயார்படுத்தியிருந்தார்.

"கிழிசல்தாம்மா கேட்டாங்க."

"கிழிசலோட டவுன்ல எறங்குறதா? லயத்துல காறித் துப்புவாங்க."

உண்மைதான். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் எங்கள் ஆட்கள் நல்ல சேலை கட்டித்தான் பஸ் ஏறுவார்கள்.

மண்டபத்தில் டீச்சர் தலையில் கைவைத்தார். "கல்யாண வீட்டுக்கா வந்தீங்க?" பையிலிருந்து கரி பூசிய ஒரு கிழிந்த சட்டையை எடுத்து நீட்டினார்.

அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இத உங்க மகளுக்குப் போட்டு விடுங்க டீச்சர்."

"அவ பண்ணையார் மகளா நடிக்கிறா."

"எம்மக அதுக்குத் தோதாத்தானே உடுத்தி வந்திருக்கா. மாத்திக்குங்க."

டீச்சரின் மகள் சிரித்துவிட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. புதிதாக வசனம் பாடமாக்க நேரமில்லாததால் வேஷம் மாறவில்லை; கிழிந்த சட்டையைப் போட அம்மா விடாததால் மஞ்சள் கவுனோடேயே மேடையேறினேன். "பசிக்குதுங்க ஐயா" என்றதும் மண்டபம் சிரித்தது. குனிந்து சொல்ல வேண்டிய அந்த வசனத்தை நிமிர்ந்து நின்று இன்னொரு முறை சொன்னேன். சிரிப்பு குறைந்தது, அடங்கவில்லை. உடை பொருந்தவில்லை என்று நடுவர் புள்ளி குறைத்தார். பரிசு கிடைக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டார்: "அந்தப் புள்ள எதுக்குச் சாகுது?"

"பண்ணையார் திருந்துறதுக்கு."

"அவரு திருந்த இவ சாகணுமா? நல்லாருக்கே நியாயம்!"

அடுத்த வருடமும் அதே நாடகம், அதே தவணை. டீச்சர் மறுபடி என்னைக் கூப்பிட்டார்.

"பண்ணையார் வேஷம்னா தாங்க டீச்சர், செய்றேன்" என்றேன்.

தரவில்லை. நானும் நடிக்கவில்லை.