தவறணையில் தொடங்கிய நடை

அப்போது நான் கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய கியூபெக் பெண்மணி. வருடாவருடம் இலைகள் சிவக்கத் தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை எங்களையெல்லாம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற சிற்றூருக்கு நடக்கக் கூட்டிப்போவார். கால்வாய்க் கரையிலிருந்த ஒரு பப்பில், எங்கள் பேச்சில் தவறணையில், கூடி, கரையோரமாக நடந்து, வயல்களையும் சிறு காட்டையும் சுற்றிக்கொண்டு திரும்ப அதே பப்புக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். ஏற்றம் இறக்கம் இல்லாத பாதை, குழந்தையும் நடக்கும் என்பார்.

நான் ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிவிடுவேன். குடியை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் எப்படிக் குடித்தேன் என்பதை விரிக்கத் தேவையில்லை. ஒரு பனிக்காலம் முழுவதும் என் மனைவி பிள்ளையோடு தன் தமக்கை வீட்டில் இருந்தாள் என்பது போதும். வேலையிடத்தில் இது யாருக்கும் தெரியாது. அந்த வருடம் மேற்பார்வையாளர், “இந்த முறை உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்றபோது சரி என்றுவிட்டேன். ஒருமுறையாவது மற்றவர்களைப் போல இருந்து பார்க்க ஆசைப்பட்டேன். மனைவியிடம், கால்வாய்க் கரையில் ஒரு சாப்பாட்டுக்கடை என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளையைத் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோவிலும் பஸ்ஸிலும் போனோம். கடை வாசலில் வந்து நின்றதும் உள்ளேயிருந்து வந்த பியர் மணம் அவளுக்குப் பெயர்ப் பலகையைப் படிக்கும் வேலையை மிச்சமாக்கியது.

“இது தவறணை எல்லே?” என்றாள்.

“சாப்பாடும் இருக்கு.”

அவள் கழுத்துச் சால்வையை இறுக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தாள். உள்ளே என் சகதொழிலாளர் ஏழெட்டுப் பேர் கிளாஸ்களோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கோப்பி எடுத்தேன். அவள் தன் கோப்பியைத் தொடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடக்கத் தொடங்கியதும் மேற்பார்வையாளர் அவளைத் தன் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். கால்வாயில் அந்தப் பருவத்தின் கடைசிப் படகுகள் மதகுக் கதவு திறக்கக் காத்து நின்றன. ரயில் பாலத்துக்குக் கீழால் போய் விவசாயக் கல்லூரியின் சோள வயல்களுக்குள் நுழைந்தோம். அறுவடை முடிந்து தட்டைகள் மட்டும் நின்றன. அழகான நாள். ஆனால் என் மனைவி நாலடிக்கு ஒருதரம் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வந்த பொடியன்கள்கூட அதைக் கவனித்திருப்பார்கள் என்று எனக்குக் கூசியது. அந்தப் பார்வைக்குத் தப்பவே நடையைக் குறைத்தேன்.

எல்லாருக்கும் பின்னால் ஹெயிட்டிக்காரக் கிழவர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். துணி மடிக்கும் மேசையில் எனக்கு எதிரே நிற்பவர். காட்டுக்குள் நுழைந்ததும் அவருடைய முழங்கால் பிடித்துக்கொண்டது. விழுந்து கிடந்த மரமொன்றில் உட்கார்ந்து, கொஞ்சம் இருந்துவிட்டுப் போவோமா என்று கேட்டார். இருந்தோம். முன்னே போனவர்களின் குரல் தேய்ந்து இல்லாமல் போனது. அவர் தன் மகளின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். நீண்ட காலத்துக்குப் பிறகு யாரும் என்னைக் காவல் காக்காமல் இருந்தது எனக்குச் சுகமாக இருந்தது. அவர் எழும்பலாம் என்றபோதும் நான்தான் இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்றேன்.

பிறகு அவர் என் தோளைப் பிடித்தபடி வர, மெல்ல மெல்ல மிச்சப் பாதையை நடந்து முடித்தோம்.

பப் கதவைத் தள்ளியபோது உள்ளே சத்தமில்லை. என் மனைவி கவுண்டரடியில் நின்றாள். முகமெல்லாம் வியர்வை. காட்டின் மறு முனையில் என்னைக் காணாமல், கூட்டத்தை விட்டுவிட்டு றோட்டு வழியாக ஓடி வந்திருக்கிறாள். தனக்குத் தெரிந்த பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும், என் புருஷன் வந்தாரா, குடித்தாரா, எங்கே ஒளித்திருக்கிறார் என்று கடைக்காரரைப் போட்டு உலுப்பியிருக்கிறாள். பின்னால் வந்தவர்கள் அவ்வளவையும் கேட்டிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் எல்லாரும் ஒருதரம் பார்த்தார்கள். பிறகு மேசையைப் பார்த்தார்கள்.

அவள் நேரே என்னிடம் வந்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்து, அத்தனை பேருக்கும் முன்னால், என் வாயை மணந்து பார்த்தாள்.

நான் ஆடாமல் நின்றேன். காதுகள் கொதித்தன. ஹெயிட்டிக்காரர் பிரெஞ்சில், “மடாம், என்னோடுதான் இருந்தார். என்னுடைய கால்” என்று முழங்காலைத் தட்டிக் காட்டினார். அவளுக்கு விளங்கியது. சட்டையை விட்டாள். கழுத்துச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டாள்.

சூப்பும் பொரித்த உருளைக்கிழங்கும் வந்தன. எங்களுக்கும் இடம் விட்டார்கள். ஆனால் யாரும் கிளாஸைத் தொடவில்லை. நுரை அடங்கிப்போன பியர் அப்படியே நின்றது. மணந்து பார்த்ததைவிட அதுதான் என்னைக் கூனிக் குறுக வைத்தது.

“தயவுசெய்து குடியுங்கள்” என்றேன் என் உடைந்த பிரெஞ்சில். “நான் விட்டு இரண்டு வருடம்.”

வெளியாளிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. மேற்பார்வையாளர் தலையை ஆட்டிவிட்டு சூப்பைக் கலக்கினார்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி கண்ணாடிப் பக்கம் இருந்தாள்.

“எல்லாருக்கும் முன்னாலை உங்களை மானங்கெடுத்திப்போட்டன்.”

“நான் சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்தது பிழைதானே.”

“தவறணை எண்டு முதலே சொல்லியிருக்கலாம்.”

“சொன்னால் நீர் என்னை விட்டிருக்கமாட்டீர்.”

“ஓம். விட்டிருக்கமாட்டன்.” சால்வை நுனியை விரலில் சுற்றினாள். “ஓடி வரேக்கை உங்களிலை எனக்குக் கோவமில்லையப்பா. பயம்தான். பேந்தும் அந்தப் பனிக்காலம் மாதிரி வீட்டுப் படிக்கட்டிலை பிள்ளையோடை இறங்கவேணுமோ எண்டு பயம்.”

காட்டில் ஆறுதலாக இருந்த அந்த நேரமெல்லாம் அவள் றோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். யாரும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கிழவர் வழக்கம்போல விரிப்பின் மறு முனையைப் பிடித்துத் தந்தார்.

அடுத்த வருடம் நடைக்கான அறிவித்தலை மேற்பார்வையாளர் சுவரில் ஒட்டினார். அதே பாதை, அதே கால்வாய். கூடும் இடம் மட்டும் பப்புக்குப் பதிலாக ஒரு பேக்கரி என்றிருந்தது. நான் அதற்கு முன்னால் நின்று இரண்டு தரம் வாசித்தேன். பின்னால் யாரோ வரும் சத்தம் கேட்டதும், வேறெதையோ பார்ப்பவன்போலத் தலையைக் குனிந்துகொண்டு என் மேசைக்குப் போனேன்.