பக்கத்தில் பிரேக் இல்லாத வண்டி

என் அக்கா தன் ஐம்பத்தோராவது வயதில் ஒரு சொகுசு எஸ்.யு.வி. வாங்கினாள். வாங்கினாள் என்று எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். வாங்கிக் கொடுத்தார்கள் என்று எழுதவில்லை. இதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆத்திரம். தெருவில் என்னிடம் கேட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், "உங்க மாமா பெரிய வண்டி எடுத்திருக்காராமே?" என்றுதான் கேட்டார்கள். அக்காவின் கணவரான அந்த மாமா தன் வாழ்க்கையில் சொந்தமாக எடுத்தது மருத்துவ விடுப்பு மட்டும்தான்.

அக்காவுக்குத் தொழில், ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருவது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பழைய காரோடு பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தாள். இன்று எட்டுக் கார்கள், இரண்டு கிளைகள். நான் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புகிறவள், பதினாறு வருஷமாக.

பயிற்சிக் காருக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போலவே பக்கத்து இருக்கையில் இருப்பவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். அதுதான் அக்காவின் இடம். காலை ஆறு மணிக்கு அங்கே உட்கார்ந்தால், வலது கால் பிரேக்குக்கு ஒரு விரல் மேலே மிதந்துகொண்டே இருக்கும். கிளட்சை விடுங்கள் என்றால் ஸ்டியரிங்கை விட்டுவிடுகிற பல் டாக்டர், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற கல்லூரிப் பேராசிரியர் என்று எத்தனையோ பேரை அவள் சாலைக்குத் தேற்றி அனுப்பியிருக்கிறாள். ஒருவரிடமும் குரல் உயர்த்தியது இல்லை. என்ன ஆபத்து வந்தாலும் அதே குரல்தான்: "வேகத்தைக் குறைங்க. இண்டிகேட்டர் போடுங்க. ஓரங்கட்டுங்க." அந்தக் குரலுக்கு அடங்காத ஆளை நான் பார்த்ததில்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அக்காவுடையது சோறு போடும் பழக்கம், அதைவிடப் பொல்லாதது. டிவியில் கார் துரத்தும் காட்சி வந்தால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை மிதிப்பாள். பஸ்ஸில் போனால் முன் சீட்டின் கம்பியை மிதிப்பாள். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் மாமாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது, ஓரமாக நின்றிருந்த அவள் கால் தானாக அழுத்தியது.

இப்படி நாள் முழுக்க வண்டியில் இருக்கிறவள், வண்டி ஓட்டுவதே இல்லை. ஓட்டுகிறவர்கள் எல்லாம் பணம் கட்டியவர்கள். விடுமுறை நாளில் வீட்டுச் சின்னக் காரையாவது ஓட்டலாம் என்றால், சாவியை மாமா எடுத்துக்கொள்வார். "பாவம், நாள் முழுக்க வண்டியிலயே கிடக்கற. நீ ரெஸ்ட் எடும்மா" என்பார். மாமா கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான். அதிலும் லைசன்ஸ் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவர். இன்றைக்கும் அவர் ரிவர்ஸ் எடுக்கத் தெருவே கூடி வழிகாட்ட வேண்டும். அன்பாகச் சொல்லிவிட்டால் அநியாயம் நியாயமாகிவிடுமா?

ஒரு நாள் இரண்டு வகுப்புக்கு நடுவே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைடி. பக்கத்துல பிரேக் இல்லாத வண்டி ஒண்ணு வேணும். நல்ல உசரமா இருக்கணும். இத்தனை வருஷமா லாரி டயரையே பாத்துட்டேன். ஓட்டற சீட்ல நான் உக்காந்து, யாருக்கும் எதுவும் சொல்லித் தராம, வாயை மூடிக்கிட்டு நூறு கிலோமீட்டர் போகணும்."

அவ்வளவுதான் ஆசை. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: அது அவள் பணம். அதற்கு மேல் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆம்பளை ஒருவர் இந்த வண்டியை வாங்கினால் "மைலேஜ் என்ன?" என்று கேட்கிற வாய்கள், அக்காவிடம் "உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டன.

ஷோரூமுக்கு எங்கள் பயிற்சிக் காரிலேயே போனோம், அக்கா, மாமா, நான். மேலே பள்ளியின் பலகை. வாசலில் காவலாளி எங்களைப் பின்பக்கம், சர்வீஸ் வண்டிகள் நிற்கிற இடத்துக்குக் கை காட்டினார். அங்கேயே எனக்கு மூக்கு விடைத்துவிட்டது. உள்ளே பளிங்குத் தரை, மூக்கைத் துளைக்கும் வாசனை, கழுத்தை நெரிக்கிற மாதிரி டை கட்டிய விற்பனையாளர் ஒருவர். அவர் நேராக மாமாவிடம் போய்க் கை கொடுத்தார்.

"வாங்க சார். எந்த மாடல் பாக்கறீங்க?"

"வாங்கறது நான்" என்றாள் அக்கா.

"ரொம்ப சந்தோஷம் மேடம்" என்று சொல்லிவிட்டு, மறுபடி மாமா பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா, வண்டி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டாள். பதில் மாமாவுக்குப் போனது. முன் கண்ணாடி ஓரத்துத் தூண் பார்வையை எவ்வளவு மறைக்கும் என்று கேட்டாள், அதுவும் மாமாவுக்கு. அவளுக்கென்று அவர் தானாக எடுத்துக் காட்டியது வெயில் மறைப்புக்குப் பின்னால் இருந்த முகக்கண்ணாடியை. "லைட்டும் எரியும் மேடம்" என்றார். மாமாவோ ஒரு வார்த்தைக்கு ஒரு சார் விழ விழ, உச்சி குளிர்ந்துபோய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார். டர்போ என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. அதற்கும் ஆட்டினார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா.

"பெரிய வண்டி மேடம். பழக்கம் இல்லாதவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்."

அக்கா கைப்பையைத் திறந்து லைசன்ஸை எடுத்துக் காட்டினாள். லாரி ஓட்டலாம், பஸ் ஓட்டலாம், மற்றவர்களுக்குக் கற்றுத் தரலாம் என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்தது. டைக்காரர் அதைக் குழந்தை வரைந்த படத்தைப் பார்ப்பது போலப் பார்த்து, "சூப்பர் மேடம்" என்றார். பிறகு சாவியை மாமாவிடம் கொடுத்தார். "சார் ஒரு ரவுண்டு ஓட்டட்டும். மேடம் வசதியைப் பாருங்க."

மாமா வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டாரே! வேண்டாம், அவள் ஓட்டட்டும் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தை மனுஷன் வாயில் வரவில்லை.

மறுநாள் அக்காவும் நானும் மட்டும் போனோம். "நேத்துதான் சார் ஓட்டிட்டாரே மேடம். ஒரு ஃபேமிலிக்கு ஒரு டெஸ்ட் டிரைவ்தான், சிஸ்டம் ஒத்துக்காது" என்றார் டைக்காரர். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் போலிருந்தது. அக்காவோ அங்கே நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி, ஓட்டும் இருக்கையில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிகளைத் திருப்பினாள். காலை நீட்டி மடக்கினாள். இறங்கி வந்து, "இதையே எடுத்துக்கறேன். கரும்பச்சை" என்றாள்.

"வேற கடைக்குப் போலாம்க்கா. இவன் மூஞ்சியிலயா காசைக் கொட்டணும்?"

"இந்த வண்டி இங்க மட்டும்தான்டி கிடைக்கும். நான் என்ன அவன் மூஞ்சியையா ஓட்டப் போறேன்?"

ஆறு வாரத்தில் வண்டி வந்துவிட்டதாகப் போன் வந்தது, மாமாவுக்கு. போய்ப் பார்த்தால் வெள்ளை. விண்ணப்பத்தில் அக்காவின் பெயர், அக்காவின் கையெழுத்து, அக்காவின் கைபேசி எண். ஆனால் நிறத்தை உறுதி செய்ய டைக்காரர் கூப்பிட்டது சாரை! "வெள்ளைன்னா வெயில்ல சூடு ஏறாதுன்னு சொன்னாரு, நானும் சரின்னுட்டேன்" என்றார் மாமா. மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. அக்கா வெள்ளையைத் தொடக்கூட இல்லை. "பச்சை வந்ததும் கூப்பிடுங்க. என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, மேலும் இரண்டு மாதம் காத்திருந்தாள்.

கடைசியில் அந்த நாள் வந்தது. ஷோரூமின் நடுவில் பட்டுத்துணி போர்த்தி வண்டி நின்றது. சுற்றிலும் பலூன், பாட்டு, ஆள் உயர அட்டைச் சாவி ஒன்று, ஒரு புகைப்படக்காரர். துணியை இழுத்தார்கள். கரும்பச்சை. அக்காவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை, அவள் கல்யாணத்தில்கூட. மாணவர்களுக்குச் சொல்லித் தருவது போலவே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டயரைப் பார்த்தாள், குனிந்து அடியில் பார்த்தாள், பின் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

பக்கத்து இருக்கையில்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்த கதவு அது. கால் தானாக அங்கேதான் போகும். இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் நடக்கக்கூடிய தப்பு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே இறங்கி மறுபக்கம் வந்திருப்பாள். ஆனால் அங்கே யாருக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. அவள் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்று எல்லோரும் கை தட்டினார்கள். டைக்காரர், "சார், வாங்க!" என்று அட்டைச் சாவியை மாமாவிடம் நீட்டினார். மாமா ஓட்டும் இருக்கையில் ஏறினார். ஃபிளாஷ் அடித்தது.

அப்போதுதான் அக்கா குனிந்து பார்த்தாள். அவள் வலது கால் அங்கே இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது முகத்தில் இருந்த வெளிச்சம் போயிருந்தது. அதற்குள் கண்ணாடிக் கதவுகளைத் திறந்து, எங்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா வண்டியை வெளியே எடுத்தார். பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். முதல் நாற்சந்தியில் திரும்பவும் தைரியமில்லாமல், நிற்கவும் மனசில்லாமல் மாமா நடுவில் ஊர்ந்தார். நாலு பக்கமும் ஹாரன். அக்காவின் கால் வெறும் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது.

"பயப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா.

"வேகத்தைக் குறைங்க" என்றாள் அக்கா. அதே குரல். "இண்டிகேட்டர் போடுங்க. ஓரங்கட்டுங்க."

மாமா அப்படியே செய்தார். இரண்டு முறை தேர்வில் தோற்ற பழைய மாணவர் ஆயிற்றே.

"கியரைப் பார்க்கிங்ல போடுங்க. இறங்குங்க."

"ரோட்டுலயேவா? எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும். இது என் வண்டி. இறங்குங்க."

அவர் இறங்கினார். அக்கா வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து ஏறினாள், மாமா பக்கத்து இருக்கைக்குப் போனார். இருக்கையைச் சரி செய்தாள். மூன்று கண்ணாடிகளையும் சரி செய்தாள். பின்னால் ஹாரன் அலறியது, அவள் அவசரப்படவில்லை. பிறகு வண்டியை எடுத்து, அடுத்த வளைவில் திருப்பி, நேராக ஷோரூமுக்கே விட்டாள். காவலாளி கை காட்டுவதற்கு முன்பே, கண்ணாடிக் கதவுக்கு எதிரே, கோடு பிசகாமல் நிறுத்தினாள். டைக்காரர் ஓடி வந்தார்.

"என்னாச்சு மேடம்? ஏதாவது பிரச்சனையா?"

"போட்டோ தப்பா எடுத்துட்டீங்க. திருப்பி எடுங்க."

"அதுல என்ன மேடம்? நீங்களும்தான் இருக்கீங்களே."

"இருபத்திரண்டு வருஷமா நானும்தான் இருக்கேன். இப்ப நான் ஓட்டறேன். எடுங்க."

புகைப்படக்காரர் கிளம்பிவிட்டிருந்தார். பலூன்களை அடுத்த குடும்பத்துக்காக இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். டைக்காரர் தன் கைபேசியிலேயே ஒரு படம் எடுத்து, "இதையே ஃபிரேம் போட்டு மாட்டிடறேன் மேடம்" என்றார். அக்கா நன்றி சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டுத் தனியாகப் போனாள். நாலு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. மாமாகூட.

மூன்று மாதம் கழித்து முதல் சர்வீஸுக்கு வண்டியை விட அக்காவோடு போனேன். அவள் உள்ளே மெக்கானிக்கிடம் பேசிக்கொண்டிருந்தாள். வரவேற்பறைச் சுவரில் வண்டி வாங்கிய குடும்பங்களின் படங்கள். எங்களுடையதும் இருந்தது. பழைய படம்! ஓட்டும் இருக்கையில் அட்டைச் சாவியோடு மாமா, பக்கத்தில் பெல்ட் போட்டுக்கொண்டு அக்கா. புளுகுமூட்டைப் பயல். அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று நாலு எட்டு வைத்துக் கிட்டே போனேன்.

கிட்டே போனதும் படத்தின் ஓரம் தெரிந்தது. வண்டிக் கதவை ஒட்டி நான் நிற்கிறேன். வாயெல்லாம் பல். இரண்டு கையும் சேர்ந்திருக்கிறது. கை தட்டிக்கொண்டிருக்கிறேன்.

டைக்காரரை, காவலாளியை, மாமாவை, தெருவை எல்லாம் இத்தனை நேரம் திட்டினேன். பதினாறு வருஷம் அந்தப் பள்ளியில் உட்கார்ந்திருந்தவள், அவளுடைய ஆசையை அவள் வாயாலேயே கேட்டவள், அங்கே இருந்தவர்களில் அது தப்பான கதவு என்று தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். நானும் தட்டியிருக்கிறேன். தட்டியது எனக்கு ஞாபகம்கூட இல்லை.

யாரிடமும் கேட்காமல் படத்தை ஆணியிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது அது பள்ளியில் என் மேஜைக்கு எதிரே தொங்குகிறது.

"இந்தக் கண்றாவியை எதுக்குடி இங்க மாட்டின?" என்று கேட்டாள் அக்கா.

"உனக்கில்லக்கா, எனக்கு" என்றேன். "ஓரத்துல பாரு."

அக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். சட்டத்தை நேராக்கி வைத்தாள். பிறகு பயிற்சிக் காரின் சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனாள்.