வெயிலில் வைத்த பிரெஞ்சு ஒயின்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம். மலைமேல் ஜமுனாமரத்தூர் பக்கத்தில் ஒரு சிறிய தங்கும் விடுதியில் நான் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் அடிவாரத்து ஆலங்காயம். எனக்கு வாய் நீளம், தைரியம் மட்டும் கம்மி.

பாண்டிச்சேரியிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் தமிழர், மனைவி பிரெஞ்சுக்காரர். அந்த அம்மா இருபது வருடமாக இங்கேயே இருப்பதால் நன்றாகவே தமிழ் பேசினார். காலையில் ஒரு பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து சமையல் மேடையில் நிறுத்தி வைத்தார். லேபிள்கூட இல்லை.

"எங்க அப்பா கடைசியா செஞ்ச ஒயின். இதான் கடைசி பாட்டில். இன்னைக்கு அவர் இறந்த நாள். மத்தியானம் சாப்பாட்டோட திறக்கணும்" என்றார்.

பிரான்சின் தென்மேற்கே கஹோர் என்ற ஊர்ப் பக்கம், ஆற்றங்கரையில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்ததாம். அந்த ஊர் ஒயின் சிவப்புதான், ஆனால் அதன் அடர்த்திக்குக் கறுப்பு என்றே சொல்வார்களாம். நாக்கைத் துவர்ப்பாகப் பிடிக்கும், அதனால் கொழுப்புள்ள கறிதான் பொருந்தும். அங்கே வாத்து, இங்கே ஆடு போதும். மிளகாய் போட்டால் ஒயினும் காரமும் சண்டை போடும், புளி கூடவே கூடாது என்றார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இது குடி இல்லை, படையல்.

அவர்கள் பீமன் அருவிக்குக் கிளம்பிப் போனார்கள். கறியை அடுப்பில் ஏற்றிவிட்டு, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் கசடு கசடாக ஏதோ உறைந்து கிடந்தது. எங்கள் மலையில் தேன் உறைந்தால் பாட்டிலோடு வெயிலில் வைப்போம், இளகிவிடும். அதே நினைப்புதான். படையலுக்குக் கசடோடு வைப்பதா என்று மொட்டை மாடியில் வைத்துவிட்டு வந்தேன். பெரிய புத்திசாலி!

இரண்டு மணி நேரம் கழித்துப் போனால், கார்க் அரை விரல் உயரம் எழும்பி நிற்கிறது. ஓரமாகச் சிவப்பு வழிந்து சிமெண்ட் தரையெல்லாம் கறை. பாட்டில் கையைச் சுட்டது.

கீழே கொண்டுவந்து ஈரத் துணியைச் சுற்றினேன். கார்க்கை அமுக்கினேன், பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. துடைத்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. "கம்முனு இருங்கக்கா. அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?" என்றார் பார்த்துக்கொண்டிருந்த விடுதி வாட்ச்மேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் கறியில் உப்பு போட்டேனா இல்லையா என்று மூன்று முறை ருசி பார்த்தேன். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன்.

வந்துவிட்டார்கள். தட்டு வைத்தாயிற்று. அந்த அம்மா கார்க் எடுக்கும் திருகாணியைக் கையில் எடுத்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அம்மா, தொறக்காதீங்க. இத்த நான் வெயில்ல வெச்சிட்டேன். தேன் மாதிரி இளகிடும்னு நெனச்சிட்டேம்மா" என்று அழுதுவிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. பரவாயில்லை என்று சொல்லவில்லை. திறந்தார், மோந்து பார்த்தார், ஒரு வாய் குடித்தார். "சூட்டுல வெந்துபோச்சு" என்றார். கணவர் அவர் தோளில் கை வைத்தார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

பிறகு அந்த அம்மா பாட்டிலோடு சமையலறைக்கு வந்து, மிச்சம் இருந்ததை எல்லாம் கறிச்சட்டியில் ஊற்றினார். வீணாய்ப்போன ஒயினை அவர் அப்பா கீழே கொட்டவே மாட்டாராம், கறியில்தான் ஊற்றுவாராம். இன்னும் ஒரு மணி நேரம் அது கொதித்தது. நான் ஓர் இலை போட்டு, சாமைச் சோறும் அந்தக் கறியும் முதலில் அவர் அப்பாவுக்கு வைத்தேன். அப்புறம் அவர்கள் என்னையும் உட்காரச் சொல்ல, மூவரும் சாப்பிட்டோம்.

கிளம்பும்போது மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்லலைன்னா, அப்பா கடைசியா செஞ்சதே சரியில்லன்னு நான் நெனச்சிருப்பேன்" என்றார்.

இன்றைக்கும் தேன் பாட்டிலை வெயிலில் வைக்கும்போது நெஞ்சு ஒரு முறை பக்கென்கிறது. நான் மட்டும் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால், முகம் தெரியாத ஒரு மனிதரின் கைப்பக்குவத்துக்கு, அவர் பெற்ற மகளிடமே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருப்பேன்.