மார்கழியில் வைத்த மேட்ச்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்காரர் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். குழந்தை தவழ்ந்து போய்ச் சொலூஷன் டியூபைக் கையில் எடுத்துவிட்டது. நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து பிடுங்கினேன். வாயில் வைத்ததா, வைக்கவில்லையா? உதட்டை முகர்ந்து பார்த்தேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். மனசு ஆறாமல் மறுபடியும் விரல் இடுக்கை முகர்ந்தேன். வாடை இருந்தது. பிள்ளையின் கையில் இருக்கிறதா, என் மூக்கில்தான் இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

"என்ன, அதையே மோந்துக்கிட்டு நிக்கிற? அம்புட்டு நல்லாவா இருக்கு?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

ஒன்றுமில்லாமல் என்ன! எனக்கு ஐந்து வருஷம் சோறு போட்ட வாடை அது.

கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் விளையாட்டு டீச்சர். சென்னையில் ஒரு வருஷம் பயிற்சி முடித்து, கழுத்தில் ஒரு விசிலோடு வந்து சேர்ந்தேன். டிரில், வளையப்பந்து எல்லாம் உண்டு என்றாலும், என் உயிர் இருந்தது பேஸ்கட்பாலில். கூடைப்பந்து என்று இப்போது அழகாகச் சொல்கிறார்கள். அந்தப் பந்து தோலில் செய்தது. உள்ளே ரப்பர் பை. காற்றடித்து அதன் வாயைக் கட்டி, மேலே வார் போட்டு இழுக்க வேண்டும். ஜப்பான்காரனோடு சண்டை வந்ததும் ரப்பர் சாமானே கிடைக்காமல் போனது. இருந்த ஒரே பையை ஒட்டி ஒட்டிக் காலம் தள்ளினேன்.

செல்லூரில் ஒரு சைக்கிள் கடைக்கு நானே கொண்டுபோவேன். முதல் நாள் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த வண்டி டியூப்புத்தா? இம்புட்டு உருண்டையா எந்தச் சக்கரத்துல மாட்டுவீக?" கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கலாம். குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு திரும்பினேன். மேலே வெயில்கூட இல்லை.

மைதானத்தில் கோடு போடுவதும் எங்கள் வேலைதான். சுண்ணாம்புத் தூள் போட்டால் வெறுங்காலில் ஓடுகிற பிள்ளைகளுக்குப் பாதம் வெந்துவிடும். அதனால் பச்சரிசிக் கோலமாவில் போட்டோம். காலையில் போட்ட கோட்டில் சாயங்காலத்துக்குள் பாதியை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். அரிசிக்கு ரேஷன் வந்த பிறகு விடுதி அம்மாள் சண்டைக்கு வந்தார். வெள்ளைக்கல் பொடிக்கு மாறினோம்.

பெண்களுக்கு அப்போது சட்டமும் வேறு. மைதானத்தை மூன்று கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு மூன்று பேராக ஒரு அணிக்கு ஒன்பது பேர் நிற்க வேண்டும். பந்து கோட்டைத் தாண்டலாம். பெண் தாண்டக் கூடாது. எங்கள் கேப்டன் கோமதி செல்லூர்த் தறிக்காரர் மகள். அவளுக்கு இது பொறுக்காது. "ஏன் டீச்சர், வீட்லதான் வாசப்படியத் தாண்டாதங்கிறாக. இங்க வந்தாலும் கோட்டத் தாண்டாதன்னா, நாங்க எங்கிட்டுத்தான் போறது?" என்றாள் ஒரு நாள். நான் விசிலை ஊதினேன். பதில் தெரியாத இடத்திலெல்லாம் எனக்கு விசில்தான் கைகொடுத்தது. கோமதி வாயாடிதான், ஆனால் வளையத்தின் வலை கிழிந்தபோது அவள் அப்பாவிடம் சொல்லித் தறி நூலை முறுக்கி ஒரு வலை பின்னிக் கொண்டுவந்தவளும் அவளே.

கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள் தமிழைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். கணக்குக்காரர்கள் கணக்கைப் பற்றி. என் வேலையைப் பேச எனக்கு ஆள் கிடையாது. மதுரையிலேயே இந்த வேலை பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். வேறு யாராவது இருந்து எனக்குத் தெரியாமலும் போயிருக்கலாம். நன்றாக ஓடுகிற ஒரு பெண் ஏன் எப்போதும் இடது பக்கமே சாய்கிறாள் என்று யாரிடம் போய்க் கேட்பது? அறைக்கு வந்து சுவரில் பந்தைத் தட்டிக்கொண்டு எனக்கு நானே பேசிக்கொள்வேன்.

அதோடு, ஒரு அணியைச் சேர்க்க ஒரு வருஷம் பிடிக்கும். கலைய ஒரு முகூர்த்தம் போதும். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒருத்தி வந்து நின்றாலே எனக்குப் புரிந்துவிடும். "கண்டிப்பா வரணும் டீச்சர்" என்பாள். "சந்தோஷம்மா" என்பேன். சந்தோஷம்தான். ஆனாலும் வாய் அதைச் சொல்லும்போதே மனசு, நடுக் கட்டத்தில் இனி யாரை நிறுத்துவது என்று தேட ஆரம்பித்திருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் பிரின்சிபால் அம்மா ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். சீமையிலிருந்து வந்தவர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். தானியமும் காய்கறியும் பயிரிடுங்கள் என்று சர்க்கார் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்த காலம். "இந்த நிலம் வீணாக இருக்கிறது. நாம் காய்கறி பயிரிடலாம். உங்கள் பெண்கள் வேறு கல்லூரியுடன் ஒருமுறைகூட ஆடியதில்லை அல்லவா?" என்றார். பொங்கலுக்குள் வெளியூர் அணியோடு ஒரு ஆட்டம் நடந்து, அது அவர் மனசுக்குப் பிடித்தால் மைதானம் தப்பும். இல்லாவிட்டால் தை பிறந்ததும் மண்வெட்டி இறங்கும்.

திருச்சியில் ஒரு கல்லூரி வருவதாக ஒப்புக்கொண்டது. நாள் குறிக்க வேண்டியது நான். ஒன்பது பேரும் ஒன்பது பேராகவே இருக்கிற மாதம் எது? ஐப்பசியில் கல்யாணம். கார்த்திகையில் கல்யாணம். மார்கழியில்தான் யாரும் தாலி கட்ட மாட்டார்கள், பெண் பார்க்கக்கூட வர மாட்டார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து மார்கழியில் ஒரு நாளை வைத்தேன். என்னைப் போல் கெட்டிக்காரி உண்டா என்று அடுத்த சில நாள் கொஞ்சம் நிமிர்ந்துகூட நடந்தேன்.

மேட்ச் அன்று காலை விடுதியில் எல்லாருக்கும் பொங்கல் போடச் சொல்லியிருந்தேன். நாலு பேர் இலையில் கையே வைக்கவில்லை. பெருமாள் கோயில் பட்டர் மகள் ரங்கநாயகிதான் சொன்னாள்: "இன்னிக்கு வைகுண்ட ஏகாதசி டீச்சர். தண்ணிகூடப் பல்லுல படப்படாது."

"முன்னாடியே ஏண்டி சொல்லல?"

"நீங்க பஞ்சாங்கம் பாத்துத்தான் நாள் வச்சேன்னு சொன்னேளே!"

பார்த்தேன்தான். முகூர்த்தம் இல்லாத நாளா என்று மட்டும் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஏகாதசி இருக்கும் வழக்கமில்லை. கோமதி மட்டும் வாய் நிறையப் பொங்கலோடு, "நான் தின்னுட்டேன் டீச்சர். பெருமாள் கோவிச்சுக்கிட மாட்டாரு. அவருக்கு என்னையத் தெரியாது" என்றாள்.

ரயிலில் வந்து இறங்கிய திருச்சி அணியில் ஆறே பேர். அவர்களை அழைத்து வந்தவர் எஸ்தர் டீச்சர். என்னைவிட வயதில் மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் கழுத்திலும் ஒரு விசில். என் விசிலை அவர் பார்த்தார், அவருடையதை நான் பார்த்தேன்.

"ஸ்ரீரங்கத்துப் பிள்ளைங்க ஒருத்திகூட வரமாட்டேன்னுட்டா. நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க, எனக்கு இந்த நாள் கிழமை தெரியாது. நீங்க எப்படி இன்னைக்குன்னு வச்சீங்க?" என்றார்.

"மார்கழியில கல்யாணம் இருக்காதேன்னு…"

அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "நானும் அதுக்குத்தான் சரின்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அவ்வளவு வாய்விட்டு நான் எப்போது சிரித்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் நினைவுக்கு வரவில்லை.

கட்டத்துக்கு இரண்டு பேராக ஆறு பேர் ஆடுவது என்று முடிவானது. சாப்பிட்டவர்கள் எங்களிடம் ஐந்து பேர்தான். விரதக்காரிகளில் மூன்று பேரை உட்கார வைத்தேன். ரங்கநாயகி மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானாகவே வந்து நின்றாள். அவள் மயங்கி விழுந்துவிட்டால் அந்தப் பட்டருக்கு என்ன பதில் சொல்வேன்? பந்தை நான் பார்க்கவே இல்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் தண்ணீர்க் குடமும் ஆரஞ்சுச் சுளைகளும் வந்தன. ரங்கநாயகி தொடவில்லை. கோமதி தம்ளரை எடுத்தாள், அவளைப் பார்த்தாள், வைத்துவிட்டாள். "அவ வறண்டு போயி நிக்கயில நாம மடக்கு மடக்குன்னு குடிச்சா நல்லாவா இருக்கும்?" மற்றவர்களும் குடிக்கவில்லை. ஆட்டம் முடிந்தபோது ஒரே ஒரு கூடையில் தோற்றிருந்தோம். மைதானம் போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டு நிற்க, பிரின்சிபால் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"உங்கள் பெண்கள் நீர்கூட அருந்தவில்லை. என்ன கட்டுப்பாடு! இதை நீங்கள் கற்பித்தீர்களா?"

அவருக்குப் பின்னால் எஸ்தர் டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாத ஒரு ஆட்டல். "இந்தக் கல்லூரியில் ஒரு விளையாட்டு ஆசிரியை இருக்கும் வரை இந்த நிலத்தை நான் தொடமாட்டேன்" என்றார் பிரின்சிபால் அம்மா.

திருச்சி ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நானும் எஸ்தர் டீச்சரும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். இடது பக்கம் சாய்கிற பெண்ணைப் பற்றிக் கேட்டேன். "தண்ணிக் குடத்த எந்த இடுப்புல வைக்கிறான்னு பாருங்க. மாத்தி வைக்கச் சொல்லுங்க" என்றார். அந்த ஐந்து வருஷத்தில் என் வேலையைப் பற்றி என்னிடம் ஒருவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். ரயில் புறப்படும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "அடுத்த மார்கழிக்கு நீங்க அங்க வரணும். ஏகாதசியப் பாத்துட்டு வாங்க!" என்றார்.

தை பிறந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், ரயில்வே உத்தியோகம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருஷம் பொறுங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் இந்தக் குழந்தை இருந்திருக்குமா என்று அடுத்த நிமிஷமே பயம் வந்துவிடுகிறது. பத்திரிகையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் நானும் மைதானத்துக்குப் போனேன். கோமதி பார்த்துவிட்டாள். "சந்தோஷம் டீச்சர்" என்றாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

இப்போது சமயநல்லூரில் ஸ்டேஷனை ஒட்டி வீடு. அவர் டூட்டிக்குப் போய்விட்டால் நானும் குழந்தையும்தான். பாசஞ்சர் வண்டி கிளம்பும்போது கார்டு விசில் ஊதுவார். கையில் கரண்டியோடு இருந்தாலும் கால் சட்டென்று நின்றுவிடும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னத்தா, ரயிலுக்குப் போகணுமா?" என்று கேட்டாள்.

பஞ்சர் ஒட்டிய மறுநாள் குழந்தைக்கு அம்மை குத்த மதுரைக்குப் போனேன். ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் கல்லூரி வாசலில் குதிரை வண்டியை நிறுத்தச் சொன்னேன். எனக்குப் பிறகு விளையாட்டு டீச்சர் யாரும் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். இருந்தாலும் போனேன். குழந்தைக்குக் கை வலிக்கும், வெயில் ஏறும் என்று தெரிந்தும் போனேன்.

மைதானம் பூராவும் கத்தரியும் வெண்டையும் பாத்தி பாத்தியாக நின்றன. பழைய கம்பம் அங்கேயே இருந்தது, வளையமும் இருந்தது. வலை இல்லை. பீர்க்கங்கொடி ஒன்று கம்பத்தில் ஏறி, வளையத்துக்குள் புகுந்து, அதன் நடுவில் இரண்டு காய்களைத் தொங்கவிட்டிருந்தது. நடுக் கட்டம் எங்கே இருந்தது என்று தேடினேன். எல்லாம் வாய்க்காலும் வரப்புமாக இருந்தது.

தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் எனக்குத் தெரியாதவர். "என்னத்தா பாக்குறீக?" என்றார்.

"அந்த வளையம்…"

"அதுவா? நான் வேலைக்கு வரயிலேயே இருந்துச்சு. கொடி ஏறட்டும்னு யாரோ நல்ல ரோசனையாத்தான் மாட்டி வச்சிருக்காக. எம்புட்டு ஒசரத்துல, பாருங்க! காயி மண்ணுல படாம நல்லா நீளமா வெளையுது."

"ஆமா, நல்ல யோசனைதான்" என்றேன்.

அவர் துரட்டியால் ஒரு காயைப் பறித்துக் குழந்தையின் கையில் கொடுத்தார். ரயிலில் வீடு வரும்வரைக்கும் குழந்தை அதை யாரிடமும் தரவில்லை.