சாமி அறையைத் தவிர்த்த பைப்

மலேசியாவின் கூலிம் ஊரில் மேட்டுச் சரிவில் கட்டிய வீடு அது. வாசலிலிருந்து படியிறங்கினால், பாதி மண்ணுக்குள் இன்னொரு தளம். வீட்டுக்காரர் குமரன் அங்கே மகளுக்குப் படுக்கையறை அமைத்திருந்தார். "ஏர்கோன் தண்ணி ஒழுகுதுண்ணே, வந்து பாருங்க" என்று ஏசி மெக்கானிக்கான என்னைக் கூப்பிட்டிருந்தார்.

வாளியோடு எனக்கு முன்னால் இறங்கினார். சுவரோரம் வழிந்த தண்ணீர் கட்டிலைச் சுற்றித் தேங்கி நின்றது. அந்தத் தண்ணீரிலேயே எக்ஸ்டென்ஷன் பெட்டி கிடந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பூனை படுத்திருந்தது.

கட்டில் மேலிருந்து மகள் சொன்னாள்: "அப்பா, மீமி தண்ணியிலயே தூங்குது. கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்குது."

ஒரு காலைக் கீழே தொங்கவிட்டாள்.

"கால மேல தூக்கும்மா! இறங்காத!" என்று கத்தினேன். தண்ணீரில் கால் வைக்கப்போன குமரனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னாண்ணே, வெறும் தண்ணிதானே லா!"

"மேல ஓடுங்க. மெயின் சுவிட்ச அடைங்க!"

அவர் ஓடினார். விளக்கு அணையும்வரை அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். எந்தப் பள்ளி, என்ன பாடம் பிடிக்கும் என்றெல்லாம் கேட்டிருப்பேன். அவள் பதில் எதுவும் நினைவில்லை. என் மகளுக்கும் அதே வயது. அறை இருண்டதும் டெஸ்டரால் சோதித்துவிட்டு அவளைத் தூக்கி வந்தேன். பூனை விறைத்துப் போயிருந்தது. மின்கசிவு கண்டால் விழ வேண்டிய டிரிப் சுவிட்ச் கெட்டுக் கிடந்தது.

ஏர்கோன் தண்ணீர் தானாக இறங்கி வெளிச் சாக்கடைக்குப் போக ஒரே வழி, பக்கத்துச் சாமி அறைச் சுவர். முதலில் பொருத்தியவர் கேட்டாராம். சாமி தலைமாட்டில் அழுக்குத் தண்ணீர் போகக்கூடாது என்று குமரனின் மனைவி மறுத்திருக்கிறார். அதனால் பம்பு வைத்துத் தண்ணீரை மேலேற்றியிருந்தார்கள். பம்புக்குப் படிக்கட்டருகே சாதாரண பிளக். பம்பில் தண்ணீர் நிரம்பினால் ஏர்கோனை நிறுத்தும் கம்பி இணைக்கப்படாமல் தொங்கியது.

"போன வாரம் அலோர் ஸ்டாருக்கு ஊருக்குப் போறப்ப பிளக் எல்லாத்தையும் அடைச்சேண்ணே. பத்திரத்துக்குத்தான்…" என்றார் அந்த அம்மா. திரும்பி வந்தபின் பம்பு பிளக்கை மட்டும் யாரும் போடவில்லை.

மறுநாள் போனபோது சாமிப் படங்களை அந்த அம்மாவே கழற்றி மாடிக்குக் கொண்டுபோயிருந்தார். சுவர் வெறுமையாக இருந்தது. "ஓட்டை போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தண்ணீர் தானாக இறங்க வழி இருந்தால் அந்த வழியிலேயே விடுங்கள். வீட்டார் மறுத்தால் உட்கார்ந்து விளக்குங்கள். பம்புதான் வழி என்றால், யாராவது தெரியாமல் அணைத்துவிடக்கூடிய பிளக்கில் அதை மாட்டாதீர்கள். ஏர்கோனை நிறுத்தும் அந்தக் கம்பியை இணைக்காமல் கிளம்பாதீர்கள்.

இப்போதெல்லாம் என் மகள் குளித்துவிட்டு வந்தால்கூட, "தரை நனஞ்சிருக்காம்மா?" என்று கேட்கிறேன்.

"பாத்ரூம் தரை நனையாம காஞ்சா கெடக்கும், அப்பா?" என்று சிரிக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.