கன்ஃபைன்மென்ட்

பினாங்கில் எனக்கு ஆபத்து மலாய் மொழியால் வரவில்லை. நன்றாகத் தெரியும் என்று நான் நெஞ்சை நிமிர்த்தியிருந்த ஆங்கிலத்தால்தான் வந்தது. வேலையில் சேர்ந்த அன்றே துறைத்தலைவர் "ஐ வில் சென்ட் யூ ஹோம்" என்றார். யாழ்ப்பாணத்துக்கே திருப்பி அனுப்பப் போகிறார் என்று எனக்கு வேர்த்துவிட்டது. காரில் ஏற்றி வீட்டில் இறக்கிவிடுகிறாராம்.

நாங்கள் குடியிருந்த டத்தோ கிராமாட்டில் பக்கத்து வீட்டில் பத்மா அக்கா. எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் வேலை. ஒருநாள் வேலிக்கு மேலால், "தம்பி, யூனிவர்சிட்டியில என்ன வேலை?" என்றார். சூரியனைப்போலக் கொதிக்கும் பிளாஸ்மாத் துகள்களை வெற்றிடத்துக்குள் காந்தத்தால் கட்டிவைக்கும் ஆராய்ச்சி என்னுடையது. விளக்கச் சோம்பல்பட்டு, "கன்ஃபைன்மென்ட், அக்கா" என்றேன்.

"ஆம்பளையா?"

"எங்கட டிபார்ட்மென்டில முழுக்க ஆம்பிளையள்தான்."

"எத்தனை நாளு வச்சிருப்பீங்க?"

"நாளோ! கண் மூடித் திறக்க முன்னம் எல்லாம் ஓடிப்போயிடும்."

"ஐயோ! சூடு குறையக்கூடாதே தம்பி. காத்தே படக்கூடாதுலா!"

அந்த ஊர்ப் பேச்சின் வாலில் ஒட்டும் "லா"வை விட்டுப் பார்த்தால், வெற்றிடத்தைப் பற்றி என் மாணவர்களுக்குக்கூட இவ்வளவு தெளிவில்லை என்று மனைவி வசந்தியிடம் வியந்தேன்.

அவளுக்கு அப்போது நிறைமாதம். ஊரில் சண்டையால் பாதை மூடிக் கிடந்ததால் அவளுடைய அம்மா, அதாவது என் மாமியால் வர முடியவில்லை. பெற்றவளை யார் பார்ப்பது என்று எனக்குப் பயம்.

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்திறங்கியதும் பத்மா அக்கா ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, என்னைப் பார்த்தார். "ஆரம்பிங்க தம்பி. நீங்கதான் கன்ஃபைன்மென்ட் ஆளாச்சே. அதான் நான் வேற ஆள் யாருக்கும் சொல்லி வைக்கல."

இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பிள்ளை பெற்றவளைப் பத்தியமாகப் பராமரிப்பது என்று பொருளாம். நான் உண்மையைச் சொன்னேன். வசந்தி தையல் நோகச் சிரித்தாள். சிரித்தபடியே "அம்மா" என்று அழத் தொடங்கினாள்.

பத்மா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப எதுக்கு உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்றவர், சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "நாளைக்கு ஃபாக்டரிக்கு லீவு போட்டுடறேன்லா." அன்றிலிருந்து இஞ்சியும் நல்லெண்ணெயும் மணக்காத வேளையில்லை.

பிள்ளை பெற்றவளுக்குக் கறியில் போடவென்று மாமி இடித்து அனுப்பிய சரக்குத்தூள், பத்தியம் முடிந்து, குழந்தை குப்புறப் படுக்கப் பழகிய பிறகுதான் தபாலில் வந்து சேர்ந்தது. வசந்தி பொதியை முகர்ந்து பார்த்து விம்மினாள். பிறகு அதைப் போட்டே கோழிக்கறி வைத்து, பத்மா அக்காவையும் கூப்பிட்டாள். அக்கா ஒரு வாய் தின்று யோசித்தார்.

"உங்கம்மா தூள் நல்லாத்தான் இருக்கு. இஞ்சிதான் பத்தல."

வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி கறியை அவர் தட்டில் வைத்தாள்.

"ஓம்லா, அக்கா."