என் விரல்கள், ஷீபாவின் குரல்

புதுக்கடை ஊரில் ஒரு பியூட்டி பார்லரில் ஷீபாவும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். பளபளப்பில்லாத கருநீல மேட் பாலிஷ் காய்ந்தபின், பளபளக்கும் 'டாப் கோட்' மேல்பூச்சைச் சொட்டுச் சொட்டாக வைத்தால் நகத்தில் மழைத்துளி நிற்பதுபோலிருக்கும். பல நாள் முயன்று கண்டுபிடித்த அதை அவளுக்கு மட்டும் என் கையிலேயே செய்து காட்டினேன். அவள் வீடியோ எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணப்பெண் போனை நீட்டி, "இதுபோல போட்டுத் தாங்கக்கா" என்றாள். திரையில் என் விரல்கள். "இது நானே யோசிச்ச டிசைன்" என்றது ஷீபாவின் குரல்.

வீடியோவிலிருந்த அதே தழும்பை அந்தப் பெண் என் கட்டைவிரலிலும் கவனித்துவிட்டாள். "அக்கா, இது ஒங்க கைதானே?"

பக்கத்தில் நின்ற ஷீபா தலை நிமிரவில்லை.

"இல்ல மக்கா" என்றேன்.

பத்து நகங்களுக்கும் துளி வைத்து முடித்தேன். அவளைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேனா, ஏமாந்துபோனதைச் சொல்லக் கூச்சப்பட்டேனா, இன்றும் எனக்குத் தெரியவில்லை.